கட்டடம் காத்தலும் கைத்தொலைபேசியும்

கல்லூரி விழா மலர்களைப் புரட்டுவோர் கட்டடங்கள் திறக்கப்பட்ட நாட்களைத் தவறாது காண்பர். அடிக்கல் நாட்டியவர் யார், பொருளுதவியவர் யார், திறந்து வைத்தவர் யார் என்பன கல்லிலும் பொறிக்கப்படும், மலரிலும் அச்சாகும். ஆயின், அக்கட்டடத்தின் கூரையிற் பெயர்ந்த ஓட்டை மாற்றியவர் யார், அடைபட்ட பீலியைத் துப்புரவு செய்தவர் யார் என எந்தக் கல்லும் கூறுவதில்லை. கட்டுதல் ஒரு முறை நிகழ்வது. காத்தல் அக்கட்டடம் நிற்கும் காலமெல்லாம் நிகழவேண்டுவது. இவ்விரண்டாவது பணிக்கு இக்காலத்துக் கைத்தொலைபேசி எங்ஙனம் துணைசெய்யும் என்பதனைப் பழைய மாணவர், இன்றைய மாணவர், ஆசிரியர் ஆகிய முத்திறத்தாரும் சிந்திக்கும்பொருட்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொல்லைத் தெளிதல் நன்று. பலரிடத்துச் சிதறிக் கிடக்கும் அறிவையும் செய்தியையும் பொது அழைப்பொன்றினால் ஓரிடத்திற் சேர்க்கும் முறைக்கு, 2006ஆம் ஆண்டிலே ஜெஃப் ஹவ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் ஆங்கிலத்தில் ஒரு புதுப்பெயர் இட்டார். அதனை யாம் இங்குப் ‘பலர்வழித் திரட்டல்’ என வழங்குவாம். பெயர் புதிதாயினும் முறை பழையது. 1879ஆம் ஆண்டில், ஒக்ஸ்போட் அகராதியின் பதிப்பாசிரியரான ஜேம்ஸ் மறே, ஆங்கிலம் பயில்வோர் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள் விடுத்தார். நூல்களைப் படிக்குங்கால் எதிர்ப்படும் சொல்லாட்சிகளைத் துண்டுத் தாள்களில் எழுதி அனுப்புமாறு அவர் கேட்டார். ஆயிரக்கணக்கானோர் இலட்சக்கணக்கான துண்டுகளை அனுப்பினர். ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் படித்தும் காணவியலாதவற்றைப் பலர் சிறிது சிறிதாகக் கண்டளித்தனர். அன்று துண்டுத் தாள் செய்த பணியை இன்று கைத்தொலைபேசி செய்கின்றது. ஒளிப்படம் எடுத்தல், இடத்தைக் குறித்தல், நேரத்தைப் பதித்தல், நொடியில் அனுப்புதல் ஆகிய நான்கும் அச்சிறு கருவியினுள்ளேயே அடங்கியுள்ளன.

பழுது பார்த்தலுக்கு இம்முறையைப் பயன்படுத்தியோருள் முன்னோடிகள் சிலரை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். 2007ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ‘ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்’ என்னும் இணையப் பணி தொடங்கிற்று. தெருவிலே குழியையோ எரியாத விளக்கையோ கண்டவர் வரைபடத்தில் அவ்விடத்தைக் குறித்துச் செய்தி எழுதினால், அஃது உரிய உள்ளூராட்சி மன்றத்துக்குச் சென்று சேரும். அச்செய்தி யாவரும் காணும்படி வெளியிடவும்படும். நான்கு வாரம் கழித்து, எழுதியவரை நோக்கி, “பழுது தீர்ந்ததா?” என்னும் வினாவும் எழுப்பப்படும். அடுத்த ஆண்டிலே அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ‘சீக்ளிக்ஃபிக்ஸ்’ என்னும் பணி தோன்றிற்று. 2015இற் சிங்கப்பூர் அரசு ‘வன்சேர்விஸ்’ என்னும் செயலியை வெளியிட்டது. எந்தப் பழுது எந்தத் திணைக்களத்துக்கு உரியது எனக் குடிமகன் அறிந்திருக்க வேண்டியதில்லை. கண்டதைச் சொன்னாற் போதும், பிரித்தனுப்புவது அரசின் கடன் என்பதே அதன் கொள்கை.

இத்துறையில் நம் நாடும் பின்தங்கி நிற்கவில்லை. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி முதலிய நம் கரையூர்களை அழித்ததை யாம் எடுத்துக் கூறவேண்டியதில்லை. அவ்வழிவையடுத்து இலங்கைக் கணினி வல்லுநர்கள் தன்னார்வமாய் ஒன்றுகூடி, ‘சஹானா’ என்னும் கணினி நிரலை ஆக்கினர். காணாமற் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றை ஓரிடத்திற் பதிவு செய்வதே அதன் நோக்கமாகும். சிங்கள மொழியில் அச்சொல்லுக்கு ஆறுதல், நிவாரணம் என்பது பொருள். பின்னர்ப் பிற நாட்டினரும் தம் பேரிடர்க் காலங்களில் அதனைக் கையாண்டனர். 2008ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கென்யாவிலே தேர்தலையடுத்துக் கலவரம் மூண்டபோது, மக்கள் கைத்தொலைபேசி வாயிலாக அனுப்பிய செய்திகளை வரைபடத்திற் குறித்த ‘உஷாஹிடி’ என்னும் முயற்சியும் இவ்வினத்தது. அப்பெயர் சுவாகிலி மொழியிற் சாட்சியம் எனப் பொருள்படும். கண்டவரே சாட்சி, சாட்சிகளைச் சேர்த்து வைப்பதே இம்முறையின் உயிர்.

இனி, நம் மண்ணிற் கட்டடத்துக்கு நேரும் கேடுகளை நோக்குவாம். எழுவான்கரை ஊர்களுக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. ஆதலின் உப்புக் கலந்த காற்று கட்டடங்களை ஆண்டு முழுவதும் தழுவி நிற்கின்றது. கொங்கிறீற்றின் நுண்டுளைகள் வழியாக உப்பு உட்புகுந்து உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை எட்டுமாயின் அக்கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தோன்றுதற்குக் காரணமான இரும்பைக் காட்டிலும் பலமடங்கு இடத்தை அடைப்பது. அது வீங்கி உள்ளிருந்து தள்ளுதலால் முதலில் மயிர்போன்ற வெடிப்புத் தோன்றும். பின்னர்ச் செந்நிறக் கறை படரும். ஈற்றிற் கொங்கிறீற்றுத் துண்டு பெயர்ந்து விழும். முதல் நிலைக்கும் ஈற்று நிலைக்குமிடையே ஆண்டுகள் பல கழியலாம். அவ்வாண்டுகளில் அவ்வெடிப்பின் கீழ் அமர்ந்து எத்தனையோ வகுப்பினர் பாடங் கேட்டுச் சென்றிருப்பர். படுவான்கரையிலோ வெள்ளம் சுவரடியிற் பல நாள் தேங்கி அத்திவாரத்தை நலியச் செய்யும். கறையான் கைமரத்தை உள்ளிருந்தே தின்னும். இரு கரைக்கும் பொதுவானவை வடகீழ்ப் பருவமழையும் புயலும். 1978ஆம் ஆண்டு நவெம்பர் 23, 24ஆம் நாட்களில் வீசிய சூறாவளியில் தொளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலட்சக்கணக்கான வீடுகளும் கட்டடங்களும் சேதமுற்றன. அத்தகைய காற்றை எவரும் தடுத்தல் இயலாது. ஆயினும் தளர்ந்த ஓடும் ஆணி கழன்ற தகடும் முதலில் எழுந்து பறக்கும் என்பதை நம் மூத்தோர் நன்கறிவர்.

புயலின்றியும் கேடு வருதலுண்டு. 2021ஆம் ஆண்டு திசெம்பர் 17ஆம் நாள் தமிழ்நாட்டின் திருநெல்வேலியிற் பாடசாலை ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். 2023ஆம் ஆண்டு நவெம்பர் 15ஆம் நாள் கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டியிற் பாடசாலை ஒன்றின் நீர்க்குழாய் பொருத்திய சுவர் வீழ்ந்து முதலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மாண்டாள். வேறு சில பிள்ளைகளும் காயமுற்றனர். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் வீழ்ந்தது மண்டபமன்று, மாடியன்று. நாள்தோறும் பிள்ளைகள் அருகிற் சென்று வரும் சிறு சுவரே வீழ்ந்தது. பெரிய கட்டடத்தைப் பொறியியலாளர் எப்போதாவது வந்து நோக்குவர். சிறு சுவரை நோக்குவோர் அதனைப் பயன்படுத்துவோரே. அவர் கண்ணே அதற்குக் காவல்.

அங்ஙனமாயின் நம் பாடசாலைகளிற் கண்ணுக்குப் பஞ்சமா? இல்லை. ஆயிரம் மாணவர் பயிலுமிடத்தில் ஈராயிரம் கண்கள் உள. ஒழுகும் கூரையை அதன்கீழ் அமரும் மாணவன் அறிவான். கழன்ற கதவுப் பிணையலை நாள்தோறும் பூட்டும் காவலாளி அறிவார். அடைபட்ட வடிகாலைத் துப்புரவுப் பணியாளர் அறிவார். குறை எங்கேயெனின், கண்டவரிடமிருந்து செய்பவரிடம் செல்லும் வழியில் உள்ளது. மாணவன் ஆசிரியரிடம் கூறத் தயங்குவான், பணியாளர், “நமக்கேன்?” என்றிருப்பார், ஆசிரியர் வாய்மொழியாய் அதிபரிடம் கூறுவார், ஆயிரம் கடமைகளிடையே அதிபர் அதனை மறத்தல் இயல்பு. ஒவ்வொருவரும் வேறொருவர் கூறியிருப்பார் எனக் கருதுதலால் எவருமே கூறாதுவிடுதலும் உண்டு. பலர்வழித் திரட்டல் புதிய கண்களை நமக்குத் தருவதன்று. இருக்கும் கண்களுக்கு ஒரு வழியமைத்துத் தருவது.

அவ்வழியின் அமைப்பைப் படிமுறையாய்க் கூறுவாம்.

முதலாவது, இடத்துக்குப் பெயரிடல். “அந்த மூலை வகுப்பு” என்பது அறிந்தவருக்கே விளங்கும். கட்டடம், மாடி, அறை, குழாய், கழிப்பறை ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கூடிய குறியொன்று வேண்டும். அக்குறியையும் அதற்குரிய கியூ.ஆர். எனப்படும் கருவெள்ளைக் கட்டத்தையும் ஒரு தாளில் அச்சிட்டு வாயிலில் ஒட்டிவைத்தல் வேண்டும். கைத்தொலைபேசியால் அக்கட்டத்தை நோக்கியவுடன் அவ்விடத்தின் பெயர் நிரப்பப்பட்ட படிவம் திரையில் தோன்றும்.

இரண்டாவது, படிவத்தைச் சுருக்கமாக்கல். பழுதின் வகை, ஒரு ஒளிப்படம், ஒருவரிக் குறிப்பு ஆகிய மூன்றும் அமையும். பத்து வினாக்கள் கேட்பின் எவரும் நிரப்பார். படிவம் தமிழில் இருத்தல் இன்றியமையாதது; “ஒழுக்கு”, “வெடிப்பு”, “மின்கம்பி”, “குழாய்”, “கறையான்”, “தேங்கிய நீர்” என நாம் நாவாற் கூறும் சொற்களே அதில் இருத்தல் வேண்டும். இத்தகைய படிவத்தைக் கூகிள் நிறுவனம் இலவசமாய் வழங்கும் கருவிகளைக் கொண்டே ஆக்கலாம்; பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

மூன்றாவது, தரம் பிரித்தல். வந்த செய்திகளை நாள்தோறும் ஒருவர் நோக்கி, ஒரே பழுதைப் பற்றிய பல செய்திகளை ஒன்றாக்கி, மூவகையாய்ப் பிரித்தல் வேண்டும். உயிருக்கு இடர் விளைப்பன அன்றே கவனிக்கற்பாலன. ஒழுகும் குழாய், தேங்கும் நீர், பழுதான பூட்டு முதலியன அவ்வாரத்தில் முடிக்கற்பாலன. வண்ணம் பூசுதல், தளபாடம் திருத்துதல் போல்வன அத்தவணையில் முடிக்கற்பாலன. தேங்கும் நீரை இரண்டாம் வகையிற் சேர்த்ததற்குக் காரணமுண்டு. டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு முட்டையினின்று முழு நுளம்பாதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்களே செல்லும். அடைபட்ட பீலியைத் தவணை முடிவிற் பார்ப்போம் என விடுதல் நோயை வளர்த்தலாகும்.

நான்காவது, பொறுப்பும் மறுமொழியும். ஒவ்வொரு பழுதுக்கும் ஓர் எண்ணும் அதனைச் செய்துமுடிக்க ஒருவர் பெயரும் இருத்தல் வேண்டும். முடிந்தபின் மீண்டும் ஒளிப்படம் எடுத்து, முதலில் அறிவித்தவருக்கு, “தீர்ந்தது” எனத் தெரிவித்தல் வேண்டும். இயலாதாயின், “பணம் இல்லை, அடுத்த தவணையிற் செய்வோம்” என உண்மையைக் கூறல் வேண்டும். இந்நான்காம் படி தவறின் ஏனைய மூன்றும் வீண். அறிவித்து மறுமொழி பெறாத மாணவன் இரண்டாம் முறை அறிவிக்கமாட்டான். அவனைப் பார்த்து அவன் வகுப்பினரும் அறிவிக்கமாட்டார்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். “இதற்கு வட்ஸ்அப் குழு ஒன்று போதாதா?” என்பர். போதாது. குழுவில் இட்ட செய்தி வாழ்த்துக்களுக்கும் அறிவித்தல்களுக்கும் இடையே மேலே ஓடி மறையும். எத்தனை பழுது வந்தது, எத்தனை தீர்ந்தது, எது மூன்று மாதமாய்க் கிடக்கின்றது என அதிலிருந்து எவரும் எண்ணிக் கூறல் அரிது. உரையாடல் வேறு, பதிவேடு வேறு. நமக்கு வேண்டுவது பதிவேடு.

பதிவேட்டின் பயனை ஓர் எளிய கணக்கால் விளக்குவாம். நொடிக்கு ஒரு துளி வீதம் சிந்தும் குழாய் ஒன்றைக் கொள்க. நாளொன்றுக்கு 86,400 துளி. நாலாயிரம் துளி ஒரு லீற்றர் எனின், நாளுக்கு இருபத்தொரு லீற்றருக்கு மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 7,900 லீற்றர். இழப்பை நிறுத்தச் சிறு வளையம் ஒன்றை மாற்றினாற் போதும். கூரையும் அத்தகையதே. பெயர்ந்த ஓடு ஒன்றை உரிய காலத்தில் மாற்றாவிடின் நீர் கைமரத்தில் இறங்கும். ஈரமரத்தைக் கறையான் நாடும். ஈற்றில் ஒரு பக்கக் கூரையையே மாற்ற நேரும். சிறு செலவு பெருஞ் செலவாதற்கு இடையில் உள்ளது காலம் ஒன்றே. அக்காலத்தைக் குறைத்தலே இம்முறையின் பயன்.

ஆயினும் இம்முறைக்கு எல்லை உண்டு என்பதை மறத்தல் ஆகாது. பலரும் காண்பர், பலரும் காரணம் அறியார். வெடிப்பு மேற்பூச்சிலா, தூணின் உள்ளேயா எனத் தீர்மானிப்பது பொறியியல் கற்றவர் கடன். வாக்கெடுப்பால் தூணின் வலிமையை அறிதல் இயலாது. பலர் அறிவித்தமையால் ஒரு பழுது பெரிதாகாது. ஒருவரே அறிவித்தமையாற் சிறிதாகாது. யாரும் செல்லாத பண்டகசாலையின் பின்சுவரைப் பற்றி ஒரு செய்தியும் வாராது. அங்கு முறைப்படியான சோதனையே வேண்டும். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 2012ஆம் ஆண்டளவில், ஓடும் ஊர்தியில் இருக்கும் கைத்தொலைபேசி வீதியின் குழியைத் தானே உணர்ந்து அறிவிக்கும் செயலி வெளியிடப்பட்டது. அத்தகைய தொலைபேசி வசதி படைத்தோரிடமே மிகுதியாய் இருந்தமையின், வறியோர் வாழும் தெருக்களின் குழிகள் பதிவிற் குறைந்து தோன்றக்கூடும் என அறிஞர் எச்சரித்தனர். இவ்வெச்சரிக்கை நமக்கும் உரியது. பொதுவாக நம் மாணவர் பாடசாலைக்குக் கைத்தொலைபேசி கொண்டுவர அனுமதியில்லை. துப்புரவுப் பணியாளர் பலரிடம் படமெடுக்கும் தொலைபேசி இல்லாதிருக்கலாம். மிகுதியாய்க் காண்போர் வாய் அடைபட்டால் முறை முழுவதும் பொய்க்கும். ஆதலின் வகுப்புதோறும் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, வகுப்புத் தலைவன் எழுத, வகுப்பாசிரியர் தம் தொலைபேசி வழியாய்ப் பதிதல் வேண்டும். பணியாளர் வாய்மொழியாய்க் கூறுவதையும் அலுவலகத்தார் பதிதல் வேண்டும்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள் உள. அறுந்து தொங்கும் மின்கம்பியையோ சாய்ந்த சுவரையோ கண்டவர் படிவத்தை நிரப்பிக்கொண்டிருத்தல் கூடாது. பிள்ளைகளை அகற்றி, நேரே ஓடிச்சென்று கூறல் வேண்டும். பதிவு அதன் பின்னரே. ஒளிப்படத்தில் மாணவர் முகம் இடம்பெறலாகாது. கழிப்பறையிற் படமெடுத்தல் வளர்ந்தவர் ஒருவர் முன்னிலையில், யாரும் இல்லாத வேளையிலேயே நிகழ்தல் வேண்டும். மூன்றாவது, இப்பதிவேடு குற்றப் பத்திரிகை ஆகாது. “உடைத்தவன் யார்?” என்னும் வினாவோடு தொடங்கினால் உண்மை ஒளிந்துகொள்ளும். “உடைந்தது எது?” என்பதே முதல் வினா. அதிபர் பதிவேட்டில் நூறு பழுது இருத்தல் இழுக்கன்று. பதிவேடே இன்றி நூறு பழுது இருத்தலே இழுக்கு.

பழைய மாணவர்க்கு இதிற் பங்கென்ன? கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழும் நம்மவர் கல்லூரிக்கு உதவ விழைகின்றனர். அவ்விருப்பம் பெரும்பாலும் நுழைவாயில், மண்டபம், சிலை எனப் பெயர் பொறிக்கத்தக்க பொருளிற் சென்று முடிகின்றது. அதனை யாம் குறைகூறவில்லை. ஆயினும் கட்டடந்தோறும் காக்கும் செலவும் உடன் பிறக்கின்றது. புதுக் கட்டடம் தருவோர், அதன் பராமரிப்புக்கும் ஒரு பகுதியை ஒதுக்குவராயின் அவர் தந்தது முழுமையாகும். மேலும், மாதந்தோறும் பதிவேட்டின் சுருக்கத்தைச் சங்கத்தார் காணும்படி செய்தால், “இம்மாதம் பன்னிரண்டு ஓடும் நான்கு குழாயும் தேவை” எனத் தெளிவாய் அறிவர். எங்கோ பனியில் வாழும் ஒருவர் தாம் அமர்ந்து கற்ற அறையின் ஒழுக்கைத் தம் சிறு தொகையால் நிறுத்தி, நிறுத்தப்பட்டதை ஒளிப்படத்திற் காண்பர். வலயக் கல்விப் பணிமனைக்கு விண்ணப்பிக்கும்போதும், “கட்டடம் பழுது” என எழுதும் ஒருவரி மடலைவிட, நாளும் படமும் எண்ணும் கூடிய பதிவு வலியதாகும். பொறியியல் கற்ற பழைய மாணவர் சிலர் ஆண்டுதோறும் ஆவணி புரட்டாதியில், மாரிக்கு முன்னதாக, ஒரு நாள் வந்து கட்டடங்களைச் சோதித்துத் தருவராயின், அவ்வொரு நாள் தொண்டு பொருளினும் மேலானது.

1924ஆம் ஆண்டில் அமைந்த பழைய கல்லடிப் பாலம், 2013இற் புதிய பாலம் திறக்கப்படும்வரை ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் வாவியின்மேல் ஊர்திகளைச் சுமந்து நின்றது. உப்புக் காற்றின் நடுவே இரும்பு அத்துணைக் காலம் கவனிப்பாரின்றி நில்லாது. அதனைக் கட்டியவர் பெயரை நூல்கள் கூறும். காத்தவர் பெயரை எவரும் அறியார். அப்பெயரறியாதோர் வரிசையில் நாமும் சேர்வது பெருமையே.

இம்முயற்சியைக் கல்லூரி முழுவதும் ஒருங்கே தொடங்க வேண்டியதில்லை. ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்க. அதன் அறைகளுக்குக் குறியிடுக. ஒரு தவணை நடத்திப் பார்க்க. தவணை முடிவில் வந்தவை எத்தனை, தீர்ந்தவை எத்தனை, தீராமைக்குக் காரணம் யாது என மூன்று எண்ணங்களை அதிபர் காலைக் கூட்டத்தில் வாசிக்க. தாம் கூறியது கேட்கப்பட்டது என மாணவர் உணர்வராயின், அவர் கல்லூரியைத் தம் இல்லமாய்க் கருதுவர். ஊர் கூடித் தேர் இழுத்தல் நம் மரபு. தேர் ஓடும் நாளிற் கைகொடுப்போர், தேர்ச் சில்லின் ஆணி கழன்றதைக் கண்ட நாளிலும் வாய்திறத்தல் வேண்டும். வரும் மாரிக்கு முன்னர், குறைந்தது ஒரு கட்டடத்தின் வாயில்களிலேனும் அக்கருவெள்ளைக் கட்டங்கள் ஒட்டப்பட்டிருத்தலைக் காண விழைகின்றோம்.